உரலில் இடித்த தட்டாங்காய்

1

பாங்காக்கில் தையல் கடை வைத்திருக்கிற நம் ஆட்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ஆள் வாசலில் நுழையும்போதே தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று வாயால் சொல்லிவிட்டு, அப்புறம் நாடாவைப் போட்டு அதே அளவைக் காட்டுகிறவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு சிலேட்டை ஓரமாக வைத்தவன். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தாடிக்கொம்பு, செம்பட்டி என்று தெருத்தெருவாக அலைந்தவன். இன்றைக்கு வெள்ளைக்காரன் என்னிடம் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறான். தாய்லாந்து பாஷை, இந்தி, இங்கிலீஷ், ஜப்பான்காரன் வந்தால் அவன் பாஷையிலும் நாலு வார்த்தை பேசிவிடுவேன். வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான்.

இன்று தைப்பூசம். இங்கே யாருக்கும் அது தெரியாது. கடை வாசலில் வழக்கம்போல வாழைப்பழம் சுட்டு விற்கிறார்கள், பஸ் புகை அடிக்கிறது. காலையில் என் மகள் மல்லிகா வந்து நின்றாள். பதின்மூன்று வயசு. மல்லிகா என்ற பேர் இந்த ஊரிலும் செல்லும் என்பதால் நானே யோசித்து வைத்த பேர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் அவளை எல்லாரும் இந்த ஊர்ப் பிள்ளை என்றே நினைக்கிறார்கள். கொஞ்ச நாளாக அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் போலிருக்கிறது.

"ப்பா, பூசத்துக்கு நடந்துட்டு வந்து அம்மா பாயசம் வைக்கும். இந்த வருசம் அம்மா இல்ல. நான் ஏதாச்சும் செய்யவா?"

"என்னத்தா செய்வ?"

"தம் துவா. ஸ்கூல்ல செஞ்சோம். டீச்சர் நல்லாருக்குன்னு சொல்லிச்சு."

தம் துவா என்றால் பச்சைத் தட்டாங்காயை மிளகாய், பூண்டு போட்டு உரலில் இடித்துச் செய்கிற ஒரு பதார்த்தம். பட்டணத்தில் காராமணிக்காய் என்பார்களே, அதேதான் எங்கள் பக்கத்துத் தட்டாங்காய். எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்து பதினாலு வருசம் ஆகிறது. ஏன் என்று மல்லிகாவுக்குத் தெரியாது. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, "போயிக் காய் வாங்கிட்டு வா" என்றேன்.

அவள் போன பிறகு கடையைப் பார்க்கிற மனசு இல்லாமல் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் என் மச்சான் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர். எழுத்துக் கூட்டித் தங்கைக்கும் வாசித்துக் காட்டுவார். அந்தத் தங்கைதான் என் மனைவி காமாட்சி. ஒரு வருசமாக அவள் திண்டுக்கல்லில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

2

காமாட்சியைக் கட்டிய புதிதில் இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது தரித்தபோது நான் இங்கே வந்து துணி வெட்டுகிற வேலையில் நிலைத்திருந்தேன். தொண்ணூற்று நாலில் அவளை வரவழைத்தேன். வருவதற்கு முன்னால் அவள் பழனியில் போய் நேர்ந்துகொண்டு வந்திருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, மலையில் அதற்கு முடி இறக்குகிற வரைக்கும் கவிச்சியைத் தொடுவதில்லை என்று. மீனும் கறியும் இல்லாமல் சோறு இறங்காத வீட்டுப் பெண் அவள். நேர்ந்ததும் நேர்ந்தாள், அப்படி நின்றாள்.

இந்த ஊரில் எந்தச் சோற்றைத் திறந்தாலும் அதில் ஒரு உசுரு கிடக்கும். அவளுக்கு மசக்கை வேறு. மூன்று மாசம் கஞ்சித் தண்ணிதான். எலும்பும் தோலுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். வேலை விட்டு வரும் வழியில் நான் கண்டுபிடித்ததுதான் பா நொய் கடை. 'பா' என்றால் நம் ஊர் அத்தை மாதிரி. தள்ளுவண்டியில் ஒரு மண் உரல், மர உலக்கை. பூண்டும் எலிப்புழுக்கை மிளகாயும் முதலில் விழும். மிளகாயின் பேரே அதுதான், இவர்கள் பாஷையில். அப்புறம் தட்டாங்காயை விரல் நீளத்துக்கு ஒடித்துப் போட்டு நசுக்குவாள். கருப்பட்டி மாதிரி ஒரு பனைவெல்லம், எலுமிச்சை, தக்காளி, வறுத்த கடலை.

"கறி கூடாது. மீன் கூடாது. எறா கூடாது. சாமிக்கு நேர்ந்திருக்கு" என்று நானே அவர்கள் பாஷையில் சுத்தமாகச் சொன்னேன். பா நொய் கும்பிட்டுவிட்டு, உரலைக் கழுவி, எறாப் பொடி டப்பாவைத் தள்ளி வைத்தாள். அதை என் கண்ணால் பார்த்தேன். அதோடு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வண்டியைச் சுற்றி நிற்கிறவர்களிடம் திண்டுக்கல் மலைக்கோட்டையையும் எங்கள் ஊர்ப் பூட்டையும் பற்றி அளக்க ஆரம்பித்தேன். எங்கள் பூட்டை யானை இழுத்தாலும் திறக்காது என்றேன். அவர்களும் வாய் பிளந்து கேட்டார்கள்.

முதல் நாள் பொட்டலத்தைப் பிரித்ததும் காமாட்சி மோந்து பார்த்தாள்.

"ஏங்க, ஒரு வாடை வருதே?"

"ஊரே அந்த வாடதான். எதுத்த வீட்டுல கருவாடு பொரிக்கிறான், ஜன்னல அடைச்சுக்க."

"இல்லங்க, இதுலருந்துதான்…"

"ஏய், நான் விசாரிக்காமலா வாங்கியாருவேன்? நான் யாரு? அம்புட்டு ஏமாளியா?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. தின்றாள். தண்ணீர் தண்ணீராகக் கண்ணில் கொட்ட, உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டு தின்றாள். "நம்மூரு தட்டாங்காயிங்க, அதே ருசி" என்றாள். வயிற்றில் தங்கியது. அன்றிலிருந்து தினம் ஒரு பொட்டலம். கன்னத்தில் சதை ஏறியது. ஊருக்குக் கடிதம் எழுதும்போது, 'பாஷை தெரிந்த புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று என்னைப் பற்றி நானே எழுதினேன்.

3

மல்லிகா வந்துவிட்டாள். பையில் ஒரு கட்டுத் தட்டாங்காய், தக்காளி, கடலை. பக்கத்து வீட்டில் உரல் இரவல். பையின் அடியில் ஒரு பாட்டில். நான் அதை எடுத்துப் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் மீன் படம் போட்டிருந்தது.

"இது எதுக்கு?"

"நாம் ப்லா இல்லாம எப்படிப்பா? உப்பு அதுதானே."

நாம் ப்லா என்றால் மீன் தண்ணீர். மீனையும் உப்பையும் மாசக் கணக்கில் ஊற வைத்து வடிப்பது. இவர்களுக்கு அது கவிச்சிக் கணக்கிலேயே வராது, உப்புக் கணக்கு. என் மகளும் அப்படியே சொல்கிறாள். நான் அந்தப் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன்.

"ஏன்ப்பா?"

"கல்லுப்பு போடுவோம்."

"கல்லுப்பு போட்டா தம் துவா இல்ல அது."

"இல்லாட்டிப் போகட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இந்த ஒரு வருசமாக அவள் என்னைப் பார்ப்பதே அப்படித்தான். அம்மா ஏன் வரவில்லை என்று ஒரு தடவைதான் கேட்டாள். நான் "அம்மாவுக்கு முழங்கால் வலி" என்றேன்.

இதே மாதிரி ஒரு பொய்யைத்தான் இங்குள்ள குடியேற்ற அலுவலகத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டான் தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை போய், நான் இன்ன வீட்டில்தான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பாரத்தை நிரப்ப மல்லிகாவைக் கூட்டிப் போவேன். போன தடவை அங்கே இருந்த அம்மாள், "மனைவி எங்கே?" என்று கேட்டாள். "ஊருக்குப் போயிருக்கிறாள், வருவாள்." அவள் காமாட்சியின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் காப்பியில் இருந்த முத்திரையைத் தட்டிக் காட்டினாள். திரும்பி உள்ளே வருவதற்குக் காமாட்சி கிளம்பும்போதே வாங்கி வைத்த முத்திரை. அதன் கெடு இந்த மாசக் கடைசியோடு சரி. அதற்குள் வராவிட்டால் எல்லாக் காகிதத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் காமாட்சிக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அஞ்சு பாஷைக்காரனிடம் பேசுகிற எனக்கு, அவளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை.

4

எட்டாம் மாசம் முடியும் நேரத்தில் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். கொடி சுற்றியிருந்தது, யார் குற்றமும் இல்லை என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துச் சொன்னாள். ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. அந்த முடியைத்தான் காமாட்சி தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மாசம் கழித்துப் பா நொய் கடைப் பக்கம் போனேன். "எங்கே மனைவி? பிள்ளை பிறந்துவிட்டதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சொன்னேன். உலக்கையைக் கீழே வைத்துவிட்டு முந்தானை மாதிரி இருந்த துண்டில் முகத்தைத் துடைத்தாள். "அவளுக்கு நான் ஒன்று செய்து தருகிறேன், எடுத்துப் போ" என்று உரலைக் கழுவினாள். அன்றைக்கு எனக்குப் பேசத் தெம்பில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றதால் கண் வேலை செய்தது. எறாப் பொடியை வழக்கம்போல ஒதுக்கினாள். அப்புறம் ஒரு பாட்டிலை எடுத்து இரண்டு தடவை கவிழ்த்தாள்.

"அது என்ன?"

"நாம் ப்லா."

"நான் மீன் கூடாது என்று சொன்னேனே!"

அவள் ஒன்றும் புரியாமல் உரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதில் மீன் எங்கே இருக்கிறது?" என்றாள்.

அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்து வழியில் வாய்க்காலில் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் காமாட்சி கேட்டாள், "அந்த அக்கா கடை இல்லையாங்க?"

"எடுத்துட்டா. வேற ஊருக்குப் போயிட்டாளாம்."

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால், 'நான் விசாரிக்காமலா' என்று நெஞ்சைத் தட்டியது யார்? நான்தானே. அப்புறம் அவள் வாயிலிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பித்தது. சோறு பிசையும்போது, துணி காயப்போடும்போது, திடீர் திடீரென்று கேட்பாள்.

"நான் என்னங்க குத்தம் வச்சேன்?"

"நீ ஒண்ணும் வைக்கல. டாக்டரம்மா சொல்லுச்சுல்ல, விடு."

மல்லிகா வயிற்றில் வந்ததும் அவளை ஊருக்கே அனுப்பி வைத்தேன். "பொண்டாட்டியத் தாங்குறதுன்னா உங்க மாப்பிளைதான்" என்று திண்டுக்கல்லில் பேசிக்கொண்டார்களாம். நான் அதையும் கேட்டுச் சிரித்துக்கொண்டேன். மல்லிகா பிறந்து பழனியில் முடியும் இறக்கியாயிற்று. நேர்த்தி முடிந்தது, இனிமேல் மீன் சாப்பிடு என்றேன்.

"இவளுக்கு எறக்கியாச்சு. அவனுக்கு எறக்கலையே."

அவள் சொன்னது அவ்வளவுதான். பதினாலு வருசம் கவிச்சி தொடவில்லை. வருசா வருசம் தைப்பூசத்துக்கு ஊருக்குப் போய், செருப்பில்லாமல் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்தாள், என்ன குற்றம் என்றே தெரியாத ஒரு குற்றத்துக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

5

போன வருசம் முழங்கால் வீங்கிவிட்டது. நடக்காதே என்றால் கேட்கிறவள் இல்லை. சரி, நானும் வாரேன் என்று கிளம்பினேன். கடையைப் பூட்டிவிட்டு இத்தனை நாள் நான் எங்கும் போனதில்லை.

பாதி வழி தாண்டி ஒரு புளிய மரத்தடியில் நடைக்காரர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். ரோட்டில் காவடியும் கொட்டுமாகக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. காமாட்சியின் பாதம் இரண்டும் கொப்புளம். அதை என் மடியில் எடுத்து வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வத்தலக்குண்டுப் பெண்பிள்ளை ஒருத்தி சிரித்தாள்.

"ஏத்தா, வீட்டுக்காரரு காலப் புடிக்கிறாரு! குடுத்து வச்சவதான் நீயி. எங்க வீட்டுல உள்ளது என் காலு எங்க இருக்குன்னே கேக்கும்."

காமாட்சியும் சிரித்தாள். அந்தப் பெண் எழுந்து போன பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வையாதீங்க."

"சொல்லு."

"என் குத்தம் என்னன்னு எனக்குத் தெரியும். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்டயே கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டுக் கருவாட்டுக்கு ஆசப்பட்டேன். அந்தத் தட்டாங்காயத் திங்கும்போதெல்லாம் நெத்திலிக் கருவாடு மாதிரியே இருக்கும் எனக்கு. அதுக்காகவே பொழுது எப்ப சாயும், நீங்க எப்ப வருவீங்கன்னு இருப்பேன். வாயி காயத் திங்குது, மனசு கருவாட்டத் திங்குது. முருகனுக்குத் தெரியாதா? அதான் எடுத்துக்கிட்டாரு."

கொட்டுச் சத்தம் எங்களைத் தாண்டிப் போனது. இன்னும் ஒரு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுசனே இல்லை என்று தோன்றியது.

"மனசு இல்ல காமாச்சி. வாயிதான் தின்னுச்சு."

"என்ன சொல்றீங்க?"

சொன்னேன். பா நொய், பாட்டில், வாய்க்கால் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அவன் போயி ஒரு மாசத்துல."

மடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். மண்ணில் ஊன்றினாள்.

"வாடை வருதுன்னு நான் கேட்டேன்ல?"

"கேட்ட."

"கேட்டேன்ல?"

எழுந்து நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பழனி வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய் தடவின காலில் மண் அப்பியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். மலையிறங்கி வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் பேசினாள்.

"நீங்க மல்லிகாவப் பாருங்க. நான் அண்ணன் வீட்டுல இருக்கேன்."

மீன் பட்டதற்காக அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கும். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் ஒரு ஆசைக்காகப் பதிமூணு வருசம் அவள் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேனே, அதைத் தெரியாமல் செய்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல? ஒரு வார்த்தை என் வாயில் இருந்தது. அதை நான் என் மரியாதைக்காக வைத்துக்கொண்டேன்.

இந்த வருசம் அவள் நடக்கவில்லை. மச்சான் போனில் சொன்னார். "நடக்கலையாத்தான்னு கேட்டேன் மாப்ள. குத்தம் என்னுது இல்லையாமே, எதுக்குண்ணே நடக்கன்னுட்டா."

6

மல்லிகா பூண்டும் மிளகாயும் இடித்தாள். நெடி ஏறி இரண்டு பேருக்கும் தும்மல். காயைப் போட்டதும் உலக்கையை நான் வாங்கிக்கொண்டேன். மையாக்கிவிடக் கூடாது, காய் வாய் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். வெல்லம், எலுமிச்சை, தக்காளி. கல்லுப்பைக் கையில் அள்ளிப் போட்டேன். கடலையைத் தூவினோம்.

மல்லிகா ஒரு வாய் தின்று பார்த்தாள். "ப்பா, ஏதோ கொறையுது."

"கொறையட்டும்."

ஒரு தட்டில் எடுத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தோம். அந்த நேரத்தில் போன் அடித்தது. வாரா வாரம் கூப்பிடுவாள், மல்லிகாவிடம் பேசத்தான். நான் எடுத்துவிட்டால் "சாப்டீங்களா", "ம்", அவ்வளவுதான். இன்று நான்தான் எடுத்தேன்.

"பூசத்துக்கு என்ன செஞ்சீங்க?"

"தட்டாங்காய் இடிச்சோம்."

அந்தப் பக்கம் திண்டுக்கல் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"உப்புதானே?"

"உப்புதான் காமாச்சி. கல்லுப்பு. என் கையாலயே போட்டேன். நான் பாக்காமலா…"

அந்த இடத்தில் வாய் நின்றுவிட்டது.

"மல்லிகாகிட்டக் குடுங்க."

கொடுத்தேன். மல்லிகா போனைக் காதில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள், அலமாரி மேலே இருந்த பாட்டிலைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"உப்புதாம்மா. நான் பாத்தேன்."

என் வீட்டில், என் மகளிடம் விசாரித்துத்தான் என் வார்த்தையை எடுத்துக்கொள்கிறாள். நியாயம்தான். மல்லிகா இன்னும் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ப்பா, அந்த முத்திரை எந்தத் தேதி வரைக்கும்னு அம்மா கேக்குது."

அந்தத் தேதியை நான் ஒரு வருசமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கினேன். மேசை இழுப்பறையிலிருந்து ஜெராக்ஸ் காப்பியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"நீயே வாசிச்சுச் சொல்லுத்தா" என்றேன்.